ஊசி தாண்டிய வரி

தெற்கு மாசி வீதிப் பந்தலில் ஜமுக்காளத்தை விரித்து முடிப்பதற்குள்ளாகவே யூனுஸ் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நோட்டீசில் நாலரை மணி என்று அச்சிட்டிருந்தது. நாலரை என்றால் நாலரைதான் என்று நம்புகிற ஊரிலிருந்து வந்தவர் அவர். அஸர் தொழுகையை முடித்த கையோடு, பினாங்கில் தைத்த கோட்டைக் கைலிக்கு மேலே மாட்டிக்கொண்டு, கறுப்பு வெல்வெட் தொப்பியைச் சரிசெய்தபடி வந்திருந்தார். மேடையில் குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த ஆள் அவரை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். தம்பூரா வருவதற்கு முன்பே ரசிகர் வந்து அமர்ந்திருப்பதை அவன் அதுவரை கண்டதில்லை போலும்.

அந்தத் தை மாதத்தில் மதுரையின் வியாபாரிகள் ஒன்றுகூடி நகர சங்கீத வாரம் என்று ஒன்றை முதன்முறையாக நடத்தினார்கள். ஒன்றுகூடினார்கள் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். எல்லாருக்குமாக ஒரே பந்தல் போடுவது என்று ஆரம்பித்த யோசனை, அந்தப் பந்தல் யார் வீதியில் என்ற கேள்வியில் உடைந்து நான்கு பந்தல்களாகச் சிதறியது. ஜவுளிக்காரர்கள் தெற்கு மாசி வீதியை விட்டுக்கொடுக்கவில்லை. தானியக்காரர்கள் கீழ மாசி வீதியில் போட்டார்கள். ஓட்டல்காரர்கள் ரயிலடிச் சத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மரக்கடைக்காரர்கள் ஆற்றைக் கடந்து தமுக்கம் மைதானத்துக்கே போய்விட்டார்கள். விளைவு, பாடுகிறவர்கள் ஒரு பந்தலில் மங்களம் பாடிய வாயோடு அடுத்த பந்தலுக்குக் காரில் பறந்தார்கள். கேட்கிறவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். ஒரு வீதியில் தொடங்கிய ஆலாபனை காதில் இருக்க, இன்னொரு வீதியின் மிருதங்கத்துக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றவர்கள் அந்த வாரம் ஊரில் ஏராளம்.

"எம்புட்டுப் பந்தல்ணே! என் குதிரைக்கே சங்கீதம் தெரிஞ்சு போச்சு" என்றான் ஜட்கா வண்டிக்காரன் சங்கிலி, யூனுஸையும் அவர் வீட்டாரையும் பந்தலில் இறக்கிவிடும்போது. கோச்சடையிலிருந்து தினமும் விடியலில் வண்டியோட்டி வருகிறவன். "தவுலுன்னா நிக்குது. வாய்ப்பாட்டுன்னா ஓடுது. நான் என்ன செய்ய?"

"ஒன் குதிரைக்கு ஒன்னையக் காட்டிலும் ஞானம் கூட" என்றார் யூனுஸின் மைத்துனர் ஷேக் தாவூது. காஜிமார் தெருவில் அத்தர்க் கடை வைத்திருப்பவர். கச்சேரிக்குப் போவதே நாலு பேரிடம் தம் கடை வாசனையைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லுவார்.

யூனுஸின் மனைவி சாதிகா, பந்தலுக்கு எதிர்வீட்டு மாடியில் ஏறிவிட்டாள். அவளுடைய பால்யத் தோழி பக்ருன்னிசாவின் வீடு அது. மூங்கில் தட்டிக்குப் பின்னால் பத்திருபது பெண்கள் கச்சேரி கேட்க உட்கார்ந்திருந்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் தட்டியின் இடுக்குகளில் புடவை நிறங்கள் மட்டும் அசைவது தெரிந்தது. அதில் எது தம் வீட்டு நிறம் என்று யூனுஸ் இரண்டு மூன்று தடவை அண்ணாந்து தேடினார்.

அவர் கடல் கடந்து வந்தது ஒரே ஒரு வரிக்காக. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று எவரிடமும் சொல்லவில்லை. சாதிகாவிடம், "ஒங்க அண்ணன் வரச்சொல்லி எழுதியிருக்காரு" என்று மட்டும் சொல்லி, பிள்ளைகளைத் தம் தாயாரிடம் விட்டுவிட்டு, பினாங்கு சூலியா தெருத் துணிக்கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துக் கப்பலேறியிருந்தார்.

பினாங்கு வீட்டில் ஓர் இசைத்தட்டு இருந்தது. பாடியவர் திருப்புவனம் சோணையம்மாள். காத்திருந்து சலித்த ஒரு பெண் தோழியிடம் சொல்லுகிற பாட்டு. 'வாசல் பார்த்திருந்தேன் சகியே, வருவேன் என்று சொல்லிப்போனார் சகியே' என்று தொடங்கும். சரணத்தில் 'எண்ணெய் வற்றும் மட்டும் விளக்கைத் தூண்டி வைத்தேன்' என்று குரல் இறங்கும். அந்த இடத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம். ஊசி ஒரு கீறலைத் தாண்டிக் குதிக்கும். உடனே, 'என் கோபம் போன வழி தெரியலையே சகியே' என்று பாட்டு வேறெங்கோ போய் நிற்கும். முடிவில், அக்காலத்துத் தட்டுகளில் வழக்கம்போல், "திருப்புவனம் சோணையம்மா!" என்று அந்த அம்மாளே தம் பெயரைக் கூவி முடிப்பார்.

எண்ணெய் வற்றியதற்கும் கோபம் போனதற்கும் நடுவில் என்ன நடந்தது? அவர் வந்தாரா? வந்து என்ன சொன்னார்? அந்த வீட்டில் இது தீராத விவாதம். அல்வா வாங்கி வந்திருப்பார் என்பது மூத்த மகனின் கட்சி. மகளுக்குச் சந்தேகமே இல்லை, வளையல்தான். பிள்ளைகள் இருவரும் அந்தப் பாட்டைத் தாவலோடுதான் கற்றுக்கொண்டார்கள். விளையாட்டுக்குக்கூட அந்த இடத்தில் நின்று யோசிக்காமல் குதித்துவிடுவார்கள். யூனுஸும் கடையில் துணி மடிக்கும்போது அப்படித்தான் பாடுவார். சாதிகா மட்டும் இந்த விவாதத்தில் கலந்துகொள்ளமாட்டாள்.

ஏனென்றால் கீறல் அவளால் விழுந்தது. மணமாகிப் பினாங்கு வந்த முதல் மாதம். முகம் தெரியாத ஊர், காதுக்குப் பழகாத பேச்சு. ஒருநாள் அவர் கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்துத் தட்டை வைத்தபோது, தன் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரியின் குரல் அதிலிருந்து எழக் கேட்டு, அவள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து குனிந்தாள். கண்ணாடி வளையல் ஊசிக்கையில் இடித்தது. தட்டு கிறீச்சிட்டது. யூனுஸ் அதிகம் சொல்லவில்லை. "தொடத் தெரியாததைத் தொடக்கூடாது" என்றார், அவ்வளவுதான். ஆனால் சில சொற்களுக்குக் குரலை உயர்த்த வேண்டியதே இல்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பெட்டியின் பக்கம் கையைக் கொண்டுபோனதில்லை. அவர் வீட்டிலிருக்கும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்ததும் இல்லை. பின்கட்டு வழியாக அவர் வருகிற நாட்களில் அடுக்களைக்குள் ஓர் இழை குரல் கேட்கும். செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிடும். அப்படி நின்றுபோகிற இடத்தில் உண்டாகும் அமைதி, தட்டிலுள்ள கீறலைவிட ஆழமானது என்பது அவருக்கு நாளாக நாளாகத்தான் புரிந்தது.

அதே தட்டை வேறொன்று வாங்கித் தர அவர் அலையாத கடையில்லை. கம்பெனி அதை அடிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. அந்த அம்மாள் சங்கீத வாரத்தில் மூன்று பந்தல்களில் பாடப்போவதாக மைத்துனர் எழுதியபோதுதான் இந்த எண்ணம் வந்தது. அந்த வரியை நேரிலே கேட்டு, மனத்தில் எழுதிக்கொண்டுபோய், இந்தா ஒன் வரி என்று சாதிகாவிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குமேல் விளக்கம் எதுவும் அவசியப்படாது என்று நம்பினார்.

சோணையம்மாள் மேடையேறியபோது யூனுஸுக்கு ஒரு திகைப்பு. தட்டிலிருந்த குரலுக்கு ஒல்லியான ஓர் இளம்பெண்ணின் உருவத்தை அவர் இத்தனை வருஷமும் கொடுத்து வைத்திருந்தார். வந்தவர் பருத்த உடம்பும் நரையோடிய கொண்டையும் வைர மூக்குத்தியுமாக, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மேடைய என்ன இம்புட்டு உசரத்துல போட்டிருக்கீக, ஏறுறதுக்குள்ள பாட்டே மறந்துபோகும் போலிருக்கே" என்று சிரித்தபடி உட்கார்ந்தார். குரல் தட்டில் இருந்ததைவிடத் தணிந்திருந்தது. தகரப் பெட்டிக்குள் மூன்று நிமிஷம் அடைபட்டிருந்த குரல் இப்போது கால் நீட்டி உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது.

அந்தப் பாட்டைக் கேட்டு யூனுஸ் எழுதி அனுப்பிய துண்டுச்சீட்டைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் படித்த அம்மாள், "அடி ஆத்தி, இதெல்லாம் இன்னமும் யாரு ஞாவகம் வச்சிருக்காக?" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு 'வாசல்' என்று எடுத்தார். அந்த ஒரு சொல்லிலேயே நெடுநேரம் நின்றார். வாசலைத் திறந்தார், சாத்தினார், எட்டிப் பார்த்தார், ஒருவரையும் காணாமல் உள்ளே திரும்பினார். யூனுஸ் தம்மை மறந்தார். முன்வரிசையில் இருக்கிறோம் என்பதையும் மறந்தார். உதடுகள் தாமாக அசைந்தன. 'எண்ணெய் வற்றும் மட்டும் விளக்கைத் தூண்டி வைத்தேன்' என்று குரல் இறங்கியது. அவரும் கூடவே இறங்கினார். அடுத்த கணம்,

"என் கோபம் போன வழி தெரியலையே சகியே!"

பந்தல் முழுக்கக் கேட்கும்படி பாடியது அவருடைய வாய்தான். எத்தனையோ வருஷப் பழக்கம் ஊசியைப்போல் அவரைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டது. அவர் குரலுக்கு அடியில் எங்கேயோ, அவர் கடல் கடந்து தேடி வந்த வரி ஓடிக் கடந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டபோது மேடையில் அம்மாள் 'கோபம்' என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

மிருதங்கக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் அம்மாள் கேட்டார். "அய்யாவுக்கு எந்த ஊரு? நடுவுல ஒரு படியக் காணோமே, அப்படியே குதிச்சுட்டீகளே!"

யூனுஸ் எழுந்து நின்றார். காது மடல்கள் எரிந்தன. "பினாங்கும்மா. எங்க வீட்டுத் தட்டு அந்த எடத்துல கீறல். தாண்டித் தாண்டி... எங்களுக்கும் அப்படியே பழகிப்போச்சு."

"அட சாமி! இம்புட்டு நாளாக் கடலுக்கு அங்கிட்டு என்னைய நொண்டவா விட்டிருக்கீக?"

பந்தல் குலுங்கியது. அந்தச் சிரிப்பில் விஷம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வரியை மறுபடி பாடுங்கள் என்று கேட்கிற தைரியம் அவரிடமிருந்து போய்விட்டது. தானியக்காரர்களின் கார் வேறு வாசலில் வந்து நின்று, அம்மாளைக் கீழ மாசி வீதிக்கு அழைத்துப் போக ஊதிக்கொண்டே இருந்தது. மங்களம் அவசரமாக முடிந்தது. இத்தனை சிரிப்புக்குப் பிறகு அங்கேயும் பின்தொடர்ந்து போக யூனுஸுக்கு மனம் வரவில்லை.

பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். "அந்த எடத்துல அம்மா என்ன பாடுனாங்க?"

"நாங்க எங்க பாய் கேட்டோம்? ஒங்க வாயையில்ல பாத்துக்கிட்டிருந்தோம்!"

ஷேக் தாவூதுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "மாப்ள, கத்துனதுதான் கத்துனீக, வேற வரியே கெடைக்கலையா?"

ஜட்காவின் பின்பக்கம் படுதாவுக்குள் சாதிகா ஏறிக்கொள்ள, யூனுஸ் முன்னால் சங்கிலியோடு உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் வரை படுதாவுக்குள்ளிருந்து வளையல் குலுங்கும் சத்தம் மட்டும் வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவர் தெரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

"ஏங்க" என்றாள். "அன்னிக்கு என் வளையல். இன்னிக்கு ஒங்க வாயி."

யூனுஸ் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்த நாளைப் பற்றி அவள் வாய்திறந்து பேசியது இதுவே முதல் தடவை. அதுவும் இப்படி, ஏதோ இருவருமாகச் சேர்ந்து செய்த குறும்பைப்போல.

"மேலேயிருந்து நீ கேட்டியா? அந்த வரிய?"

"ம். நல்லாவே கேட்டுச்சு."

"என்ன அது? அல்வாவா?"

"அல்வாவும் இல்ல, வளையலும் இல்ல."

"சொல்லேன்."

 "நாளைக்குத் தமுக்கத்துல பாடுறாகல்ல? நீங்களே கேளுங்க, வாய மூடிக்கிட்டு. நான் சொல்லிக் கேக்குறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

 யாருக்குக் கொடுப்பதற்காக யூனுஸ் அதைத் தேடி வந்தாரோ, அவளிடமே அது போய்ச் சேர்ந்துவிட்டது. கொடுக்க வந்தவர் கைதான் வெறுங்கை. இதை ஒரு தோல்வி என்று எண்ணுவதா, எண்ணியது நிறைவேறியதாகக் கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அந்த வரி இப்போது அவருக்கே வேண்டியிருந்தது. ஒருத்தியின் கோபம் எதைக் கேட்டுப் போயிற்று என்று தெரியாமல் கப்பலேற முடியாது. மறுநாள் கச்சேரிதான் கடைசி. அதற்கு அடுத்த நாள் காலை நாகப்பட்டினத்துக்கு ரயில்.

மறுநாள் தமுக்கத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். செய்தி அதற்கு முன்பே நான்கு பந்தல்களையும் சுற்றிவிட்டிருந்தது. "அந்தா, தாண்டுற பாய் வந்துட்டாரு!" என்று எவனோ கூவினான். யாரோ ஒரு பெரியவர் எழுந்து தம் நாற்காலியையே கொடுத்தார். வாசலில் சர்பத் விற்றவன் இவரிடம் பணம் வாங்க மறுத்தான். எந்த ஊரிலும் இல்லாத உரிமையோடு தம்மைக் கேலிசெய்யும் இந்த ஊரின்மேல் யூனுஸுக்கு மனம் இளகியது.

"மாப்ள, வாயத் தொறங்க" என்று ஷேக் தாவூது வெற்றிலை பாக்கை மடித்து மடித்து உள்ளே திணித்தார். "இன்னும் ஒண்ணு. இப்பப் பாடுங்க பாப்போம்!"

சோணையம்மாள் கூட்டத்தில் தேடி, வெல்வெட் தொப்பியைக் கண்டுபிடித்தார். முகம் மலர்ந்தது. "நேத்து ராத்திரி முச்சூடும் எனக்கு அந்த நெனப்புத்தான்" என்றார், மைக்கை நோக்கிக் குனிந்து. "நான் பாடி மறந்த பாட்ட, கண்காணாத சீமையில ஒரு குடும்பம் பாடிக்கிட்டிருக்கு. கீறலோட பாடிக்கிட்டிருக்கு. அவுகளுக்காக இன்னிக்கு அவுக வீட்டுப் பாட்டாவே பாடுறேன்."

என்ன நடக்கப்போகிறது என்று யூனுஸுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய் நிறைய வெற்றிலை.

பாட்டு எழுந்தது. வாசல் திறந்தது, சாத்தியது. விளக்கின் எண்ணெய் வற்றிக்கொண்டே வந்தது. அந்த இடத்தில் அம்மாள் ஓர் இமைப்பு நின்றார். தொடையில் 'கடக்' என்று ஒரு தட்டு. பிறகு ஊசியைப்போலவே துல்லியமாகக் குதித்து, 'என் கோபம் போன வழி தெரியலையே சகியே' என்று அந்தப் பக்கம் இறங்கினார். மைதானம் ஆரவாரித்தது. அதோடு விட்டாரா? முடிவில் குரலை மெலிதாக்கி, "திருப்புவனம் சோணையம்மா!" என்று தம் பெயரையும் கூவினார். பினாங்கு வீட்டின் கூடம் அப்படியே தமுக்கத்தில் வந்து இறங்கியதுபோல் இருந்தது. மேடையிலிருந்து அவர் இவரைப் பார்த்த பார்வையில் ஒரு தாயின் பெருமிதம். யூனுஸ் சிவந்த வாயை மூடிக்கொண்டு, கண் கலங்க, இரண்டு கையையும் குவித்தார். இதைவிடப் பெரிய மரியாதை ஒரு ரசிகனுக்குக் கிடைக்காது. இதைவிடப் பெரிய இழப்பும்.

ஷேக் தாவூது நாதஸ்வரம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லித் தங்கிவிட்டார். அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்து ஜட்காவில் ஏறுமுன், சங்கிலியின் மண்கலயத்திலிருந்து தண்ணீர் வாங்கி யூனுஸ் மறுபடியும் வாயைக் கொப்புளித்தார்.

"என்னண்ணே, ஊரே ஒங்களுக்குக் கைதட்டுது, நீங்க காப்பு களவுபோன மாதிரி நிக்கிறீக?" என்றான் சங்கிலி.

"ஒண்ணுமில்லப்பா. வண்டிய மெதுவா விடு."

மேற்கே செம்மை வடிந்துகொண்டிருந்தது. வண்டி பாலத்தை நோக்கித் திரும்பியபோது படுதாவுக்குள்ளிருந்து, "கேக்கலையில்ல?" என்றாள் சாதிகா. பெண்களுக்கென்று கட்டியிருந்த மறைப்புக்குள்ளிருந்து அவளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"கேக்கல."

"நெசமாவே அந்த ஒத்த வரிக்குத்தான் வந்தீகளா?"

யூனுஸ் குதிரையின் காதுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குன்னு வரல. ஒனக்கு ஆகட்டும்னு வந்தேன். கேட்டுட்டு வந்து ஒங்கிட்டக் கொடுத்தாச் சரியாப்போயிரும்னு..." சொல்ல வந்தது வேறு எங்கோ இருந்தது. அவர் திணறினார். "தொடத் தெரியாததைத் தொடக்கூடாதுன்னு ஒரு நாள் சொன்னேன்ல."

"சொன்னீக."

"சொல்லியிருக்கக்கூடாது."

 வண்டி பாலத்தில் ஏறியது. கீழே வைகையில் தண்ணீர் ஒரு கரையோரமாக ஒதுங்கி ஓடிற்று. மற்ற இடமெல்லாம் மணல், அதில் சலவைக்காரர்கள் காய்ந்த துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கிலி ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்து, இவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

பாலத்தின் நடுவில் அந்தக் குரல் கேட்டது. தமுக்கத்திலிருந்து காற்றில் வருகிறது என்றுதான் முதலில் நினைத்தார். 'வாசல் பார்த்திருந்தேன் சகியே.' நூலிழைபோல, பழக்கமில்லாத வழியில் கால் வைத்து நடப்பதுபோலத் தயங்கித் தயங்கி வந்தது. அடுக்களைக்குள் கேட்ட அதே இழை. அவர் செருப்புச் சத்தத்துக்கு நின்றுபோகும் குரல் இன்றைக்கு நிற்கவில்லை. வருவேன் என்று சொல்லிப்போனவரைத் தேடிப் பல்லவியைச் சுற்றிவந்தது. கொஞ்சம் பலம் கொண்டது. சரணத்துக்குள் இறங்கியது.

'எண்ணெய் வற்றும் மட்டும் விளக்கைத் தூண்டி வைத்தேன்...'

உதடுகள் குவிவதை யூனுஸ் உணர்ந்தார். கோபம் என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்து குதிக்கத் தயாராக நின்றது. அவர் பதறி, வலது உள்ளங்கையால் தம் வாயை இறுக மூடிக்கொண்டார். போதாதென்று இடது கையை அதன்மேல் வைத்தார். யாரும் சொல்லாமலே சங்கிலி கடிவாளத்தை இழுத்தான். குளம்புச் சத்தம் அடங்கிற்று.

பாடுவதற்கு முந்திய அந்த ஒரு மூச்சுக்கு, படுதா மெல்ல உள்வாங்கியது.